கடலோர சோலார்: வெள்ளைப் படிவும் மழை மறுநாள் ஐஎஸ்ஓ ஃபால்ட்டும்

முட்டத்துக்காரன்:
கடலுக்கு 300 மீட்டர்ல வீடு. மட்டுப்பாவுல 540 வாட் பேனல் 6, ஒரே ஸ்ட்ரிங் (ஒண்ணோட ஒண்ணு வரிசையாக் கோத்தது), தெற்கு நோக்கி. மாசியில நாளுக்கு 12 யூனிட் வந்தது, இந்த ஆனியில நல்ல வெயில்லயும் 9 தாண்டல. கீழ் விளிம்புல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. போர் தண்ணியில வாராவாரம் கழுவியும் போகல. மழை பெஞ்ச மறுநாள் இன்வெர்ட்டர் 'ஐஎஸ்ஓ ஃபால்ட்' காட்டுது, 9 மணிக்கு மேல தானா ஓடுது. ரெண்டும் ஒரே கோளாறா?

உப்புக்காத்து:
வேற வேற. கடல் உப்பு தண்ணியில கரைஞ்சு போயிரும். போகாம நிக்கிறது போர் தண்ணி காய்ஞ்சு விட்ட சுண்ணாம்பு, கழுவக் கழுவத் தடிக்கும். மழைத்தண்ணி பிடிச்சு வைங்க. 6 பேனலுக்கு ரெண்டு வாளி தாராளம். விடிஞ்சதும், கண்ணாடி சூடேறுமுன்ன ஊத்தி மூணு நிமிஷம் ஊறவிடணும். காய்ஞ்சபடி துடைச்சா உப்புப் பரலே கண்ணாடிப் பூச்சைக் கீறிரும். பிறகு மெத்துத் துணி, மேலிருந்து கீழே ரப்பர் வைப்பர். ஒட்டின சுண்ணாம்புக்கு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி பத்துப் பங்கு; அலுமினியச் சட்டத்துல தேங்கவிடாம உடனே அலசிருங்க.

சாய்வு எவ்வளவு? அட்சரேகை 8 டிகிரின்னு அதே சாய்வுல மாட்டிட்டுப் போவாங்க. கணக்கு சரிதான், ஆனா 10 டிகிரிக்குக் கீழ போனா சட்டத்தோரம் தண்ணி நிக்கும், அங்கதான் படியும்.

வயர்மேன்:
ஐஎஸ்ஓன்னா பேனல்லருந்து இன்வெர்ட்டருக்கு வர்ற டிசி வயர்ல எங்கேயோ எர்த்துக்குக் கசிவு. ஈரம் காய்ஞ்சதும் சரியாகுறதால பேனல் வயர்களை இணைக்கிற எம்சி4 கனெக்டர்லதான் முதல் சந்தேகம். வயரைக் கட்டின பிளாஸ்டிக் டை வெயில்ல பொடிஞ்சு, கனெக்டர் தரையில விழுந்து தண்ணியில கிடக்கும். இல்லன்னா வேற வேற கம்பெனி ஆண், பெண் கனெக்டரைச் சேர்த்திருப்பாங்க. சீல் பொருந்தாது, உள்ளே பச்சைப் பூப்பு பிடிக்கும். பேனலைத் தாங்குற ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) கால் விளிம்புல வயர் உரசியிருக்கான்னும் பாருங்க. ஸ்டீல் கிளிப் போட்டு பேனலுக்கு அடியில தூக்கிக் கட்டணும்.

கனெக்டரை நீங்க கழற்றாதீங்க. ஆறு சேர்ந்தா கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி. இன்வெர்ட்டரை அணைச்சாலும் பகல்ல அது சாகாது. ஓடும்போது பிரிச்சா தீப்பொறி நின்னு எரியும். ஏசி பக்க ஐசொலேட்டர் (துண்டிக்கிற சுவிட்ச்), பிறகு டிசி பக்க ஐசொலேட்டரை அணைச்சு, மெகர் (வயர் காப்பைச் சோதிக்கிற கருவி) வெச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

தென்னந்தோப்பு:
ஆனியை மாசியோட ஒப்பிடாதீங்க அண்ணாச்சி, போன ஆனியோட பாருங்க. இப்போ உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே 15 டிகிரி நிக்குது; தெற்கே சாய்ஞ்ச பேனல்ல வெயில் செங்குத்தா விழாம சரிவாத்தான் விழும். வடக்குப்பக்கம் தென்னை உண்டா? ஒரு ஓலை நிழல் விழுந்தாலும் அந்தப் பேனல்ல மூணுல ஒரு பங்கு முடங்கும்.

முட்டத்துக்காரன்:
சாய்வு 6 டிகிரி. வடக்கே ரெண்டு தென்னை.