76 வயது அம்மாவுக்கு மூளையில் ரத்தநாளம் வெடித்திருக்கிறது: காயிலிங்கா, கிளிப்பிங்கா, அல்லது வேண்டாம் என்று விட்டுவிடுவதா?

மடிப்பாக்கத்துக்காரன் எழுதியது:

என் அம்மாவுக்கு வயது 76. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சர்க்கரை நோய் இல்லை. இன்று மாலை ஐந்தரை மணிக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், பிடரியில் சம்மட்டியால் அடித்ததுபோல் இருக்கிறது என்று சொன்னார். இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு அப்படியே முறத்தின் மேல் சாய்ந்துவிட்டார். 108 ஆம்புலன்ஸில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். சிடி ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம் பரவியிருப்பது தெரிந்தது. அதன்பின் எடுத்த ஆஞ்சியோவில், பி-காம் (மூளையின் பின் இணைப்புத் தமனி) என்று அவர்கள் சொல்லும் தமனியின் அடியில் 6 மில்லிமீட்டர் அளவில் அனியூரிசம், அதாவது ரத்தநாளச் சுவரில் ஒரு புடைப்பு, இருப்பதாகச் சொன்னார்கள். மூளைக்குள் நீர் தேங்கத் தொடங்கியிருக்கிறதாம். வலது கண்ணிமை பாதி தொங்கிவிட்டது. பெயர் சொல்லி அழைத்தால் கண் திறக்கிறார், கைகால்களை அசைக்கிறார்; எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் கும்பகோணம் என்கிறார். கும்பகோணத்தை விட்டு நாங்கள் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் 13 என்று குறித்திருக்கிறார்கள்.

ஒரு மருத்துவர் காலையிலேயே காயிலிங் (ரத்தநாளம் வழியாகச் சுருள் செலுத்திப் புடைப்பை அடைப்பது) செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், மண்டையோட்டைத் திறந்து கிளிப் போடுவதுதான் நிலையான தீர்வு என்கிறார். என் மாமாவோ, இந்த வயதில் எதற்கு இந்தச் சித்திரவதை, வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் என்கிறார். நேற்று வரை தானே சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவந்து சமைத்தவர் அம்மா. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர் எழுதியது:

தம்பி, படங்களைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் மாமாவுக்குப் பதில். வயது ஏற ஏற இந்த நோயின் விளைவு மோசமாகிறது என்பது உண்மைதான். ஆனால் 76 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. நோயாளி எந்த நிலையில் வந்து சேர்ந்தார் என்பதும், அதற்கு முந்தைய நாள் வரை எப்படி வாழ்ந்தார் என்பதும் வயதுக்குச் சற்றும் குறையாத எடை உள்ளவை. கிளாஸ்கோவில் 15க்கு 13 வாங்கி, கைகால்களும் இயங்குகின்றன என்றால், உலக நரம்பியல் அறுவை மருத்துவர் கூட்டமைப்பு 1988இல் வகுத்த ஐந்து படிகளில் (ஒன்று லேசானது, ஐந்து மிக மோசமானது) அவர் இரண்டாம் படியில் இருக்கிறார். கைவிடும் நிலை அதுவன்று. வீட்டுக்கு அழைத்துச் செல்வதை அமைதியான வழி என்று மாமா நினைக்கிறார் போலும். அடைக்காமல் விட்ட புடைப்பு மீண்டும் வெடிக்கலாம், அந்த அபாயம் உச்சத்தில் இருப்பது முதல் 24 மணி நேரத்தில்தான். 2023இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டு நெறிகளும், இயன்றவரை அந்த நேரத்துக்குள் புடைப்பை அடைத்துவிடவே சொல்கின்றன. நான் பயிற்சி பெற்ற காலத்தில், மூளை சற்று ஆறட்டும் என்று பத்துப் பதினான்கு நாள் காத்திருப்போம். காத்திருந்தபோதே மீண்டும் வெடித்துப் போனவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இனி காயிலிங்கா, கிளிப்பிங்கா என்பது. புடைப்பின் கழுத்தில் கிளிப் மாட்டும் முறை அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டேண்டி 1937இல் தொடங்கியது. தொடை வழியாக நுண்குழாயைச் செலுத்திப் பிளாட்டினம் சுருளால் புடைப்பை உள்ளிருந்தே நிரப்பும் முறை இத்தாலிய மருத்துவர் குலியெல்மியால் 1990இல் வந்தது. 2002இல் வெளியான ஐசாட் என்ற பன்னாட்டு ஆய்வில், இரண்டுக்கும் ஏற்றவர்கள் என்று கருதப்பட்ட 2,143 பேரை ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்களுமாகச் சேர்த்து, காயிலிங் பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர், கிளிப்பிங் பிரிவில் 31 பேர். ஆனால் அதில் பெரும்பாலோர் உங்கள் அம்மாவைவிட மிகவும் இளையவர்கள். அந்த 2,143 பேரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 278 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, தன் காலில் நிற்கும் நிலைக்கு வந்தவர்கள் முறையே நூற்றுக்குச் சுமார் 60, 56. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. புடைப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் தராசு சாய்ந்தது: பி-காம் பகுதியில் காயிலிங், மூளையின் நடுத்தமனியில் கிளிப்பிங். 70 வயதுக்கு மேல் இன்னதுதான் மேல் என்று வழிகாட்டு நெறிகளும் அறுதியிட்டுச் சொல்லவில்லை.

உங்கள் அம்மாவுக்குப் பி-காம் என்பதால் என் சாய்வு காயிலிங் பக்கம். நிலையான தீர்வு என்று கிளிப்புக்காக வாதிடும் மருத்துவர் தவறாகச் சொல்லவில்லை. சுருள் பல ஆண்டுகளில் அமுங்கி மறுபடி நிரப்ப வேண்டிவரலாம். ஆனால் அந்த நெடுங்காலக் கணக்கு நாற்பது வயதுக்காரருக்குத்தான் பெரிது. மறுபுறம், வயதானவர்களின் ரத்தநாளங்கள் கொடிபோல் முறுக்கிக் கிடப்பதால் நுண்குழாய் மேலேறாமல் போவதும் உண்டு. ஆகவே இன்றிரவே மூன்றைக் கேளுங்கள்: புடைப்பின் கழுத்து குறுகலா அகலமா, குழாய் செல்ல வழி எப்படி இருக்கிறது, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு. ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நீர் தேங்கியதால் வந்த குழப்பம், வெளியே குழாய் வைத்து வடித்தால் கணிசமாகத் தெளியக்கூடும். கும்பகோணத்தைக் கேட்டு நீங்கள் கலங்க வேண்டாம். இமை தொங்குவது புடைப்பு நரம்பை அழுத்துவதால் வருவது; அது சரியாக மாதங்கள் ஆகலாம், முழுமையாகச் சரியாகாமலும் போகலாம்.

பெரம்பூர் வாசகி எழுதியது:

அண்ணா, என் அப்பாவுக்கு 81 வயதில் இதுவே நடந்தது. முதலில் போன இடத்தில் ரத்த அழுத்தம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டதால் ஒரு நாள் வீணாயிற்று. பிறகு வேறிடத்தில் காயிலிங் செய்தார்கள். அது முடிந்ததும் கண்டம் தாண்டிவிட்டோம் என்று வீட்டில் சாமிக்கு விளக்கேற்றினோம். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை மூளையின் ரத்தநாளங்கள் சுருங்கும் அபாயம் உண்டு என்றார்கள். ஏழாம் நாள் அப்பாவின் இடக்கை தளர்ந்தது. ரத்த அழுத்தத்தை மருந்தால் உயர்த்திப் பிடித்து மீட்டார்கள். இந்தச் சுருக்கத்தின் பாதிப்பைக் குறைக்கும் நிமோடிபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூக்குக் குழாய் வழியே, 21 நாள் கொடுத்தார்கள். சோடியம் குறைந்து இரண்டு நாள் பிதற்றினார்.

தலையிலிருந்து வரும் குழாயின் பையைக் காது மட்டத்துக்கு அளந்துதான் தொங்கவிடுவார்கள். கட்டிலை ஏற்றினாலும் இறக்கினாலும் செவிலியரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள். முதலில் நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்த நீர் பத்து நாளில் எலுமிச்சைச் சாறுபோல் வெளுத்தது. அந்தப் பையைப் பார்த்துத்தான் நாங்கள் ஒவ்வொரு நாளையும் கழித்தோம். ஆறு மாதத்தில் கோலூன்றி நடந்தார். கணக்கு வழக்கு மட்டும் பழையபடி வரவில்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழியுண்டு. அட்டை இருந்தால் சேர்க்கும்போதே கவுன்டரில் காட்டிவிடுங்கள்.

அண்ணாநகர் நண்பர் எழுதியது:

நாங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் என்பதால் எழுதுகிறேன். என் பாட்டிக்கு 88 வயது. நான்கு ஆண்டுகளாக மறதி நோயில் படுக்கையில் இருந்தவர். ஐந்தாம் படியில் வந்தார். நீர் வடித்து இரண்டு நாள் பார்த்தும் அசைவில்லை. அதற்குப் பிறகே வலியில்லாமல் வைத்துக்கொண்டால் போதும் என்றோம். மாமாவின் சொல் எங்கள் பாட்டிக்குப் பொருந்தியிருக்கும். சந்தைக்குப் போய்வந்த உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

மடிப்பாக்கத்துக்காரன் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். டாக்டர் ஐயா சொன்ன கேள்விகளைக் கேட்டேன். கழுத்து குறுகல், கிரியாட்டினின் சரியாக இருந்தது. அன்றிரவே நீர் வடிக்கக் குழாய் வைத்தார்கள். விடியற்காலையில் மடிப்பாக்கம் என்று சொல்லிவிட்டார் அம்மா. காலை பத்து மணிக்குக் காயிலிங் முடிந்தது. ஒன்பதாம் நாள் சுருக்கம் வந்து போனது, கைகால்களைப் பாதிக்கவில்லை. இமை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நேற்று முன்தினம் குழாயை மூடிவைத்துப் பார்த்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் மறுபடி மந்தமாகிவிட்டதால் திறந்துவிட்டார்கள். உள்ளேயே நிரந்தரமாக ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை உடலுக்குள்ளேயே வடிக்கும் குழாய்) வைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். பெரம்பூர் அக்கா, உங்கள் அப்பாவுக்கு ஷன்ட் தேவைப்பட்டதா? வைத்தபின் எத்தனை நாளில் எழுந்து உட்கார்ந்தார்?