வெளிநாட்டு அரசின் மிரட்டலைப் பிரித்தானியப் பொலிஸிடம் முறையிட்டால் என்ன நடக்கும்?

தேம்ஸ்கரை:
வணக்கம். ஹொங்கொங்கின் முன்னாள் மாவட்ட சபை உறுப்பினரும் ஜனநாயகச் செயற்பாட்டாளருமான கார்மன் லாவைச் சீனத் தூதரகத்தில் ஒப்படைப்பவருக்குப் பத்து இலட்சம் ஹொங்கொங் டொலர் சன்மானம் என்று, அவருடைய இங்கிலாந்து அயலவர்களுக்கு 2025 தொடக்கத்தில் தபாலில் கடிதம் வந்ததை வாசித்திருப்பீர்கள். 2024 டிசம்பரில் ஹொங்கொங் பொலிஸ் அவர் தலைக்கு வைத்த விலையும் அதுதான். என்னுடன் பணிபுரியும் ஹொங்கொங் பெண்ணை ஓர் ஊர்வலத்தில் யாரோ ஒருவர் விடாமல் படம் பிடித்திருக்கிறார். சில வாரங்களில் ஊரிலுள்ள அவருடைய பெற்றோரைப் பொலிஸ் அழைத்து விசாரித்திருக்கிறது. இதை இங்குள்ள உள்ளூர் நிலையத்தில் சொன்னால் எடுபடுமா?

முல்லைவாசி:
சட்டத்தில் குறை அதிகம் இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டுத் தலையீட்டைக் குற்றமாக்கி, 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. மிரட்டல், தாக்குதல் போன்ற வழக்கமான குற்றங்களும் அந்நிய அரசுக்காகச் செய்யப்பட்டவை என்று நிறுவப்பட்டால் தண்டனை கூடும். அந்த நிறுவுதல்தான் பெரும்பாடு. ஈரானிய அரசை விமர்சித்து மேற்கு லண்டனிலிருந்து இயங்கிய ‘ஈரான் இன்டர்நேஷனல்’ தொலைக்காட்சியை 2023 பெப்ரவரியில் வேவு பார்த்துப் பிடிபட்டவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறை கிடைத்தது; ஆனால் அது பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் கிடைத்த தண்டனை, அவரை அனுப்பியவர்கள் கூண்டில் ஏறவில்லை. அதே மாதம் பொலிஸின் ஆலோசனைப்படி அந்த நிலையம் ஒளிபரப்பை வாஷிங்டனுக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

வெளிநாட்டு அரசுக்காக இங்கு செயற்படுபவர்கள் அதைப் பதிந்துகொள்வதற்காக 2025 ஜூலையில் தொடங்கிய வெளிநாட்டுச் செல்வாக்குப் பதிவுத் திட்டத்தில் ரஷ்யாவும் ஈரானும் கடுமையான பிரிவில் சேர்க்கப்பட்டன, சீனா சேர்க்கப்படவில்லை. வர்த்தகக் கணக்கு குறுக்கே நிற்கிறது என்பது என் கணிப்பு.

கோவென்ட்ரி வாசகி:
சட்டம் இருந்தென்ன, முறைப்பாட்டைப் பதியும் பொலிஸாருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே! எங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய முறைப்பாட்டை அயலவர் தகராறு என்று பதிந்துவிட்டு, இலக்கம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். கார்மன் லாவிடமோ, ஆபத்தை வரவழைக்கக்கூடிய செயல்களை நிறுத்திக்கொள்வதாகவும் பொதுக் கூட்டங்களைத் தவிர்ப்பதாகவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுமாறு பொலிஸ் கேட்டதாகச் செய்தி வந்தது. மிரட்டியவர்கள் விரும்பியதும் அதைத்தானே? பயங்கரவாதத் தடுப்புப் பொலிஸ் மூலம் எல்லாப் பொலிஸ் படைகளுக்கும் இது பற்றிய பயிற்சி வழங்கப்படும் என்று 2025 மே மாதம் அரசு அறிவித்தது. அது முகப்பில் இருப்பவர் வரை போய்ச் சேரட்டும்.

உங்கள் தோழி பொலிஸின் அவசரமற்ற அழைப்பு இலக்கமான 101க்கு அழைக்கட்டும். உடனடி ஆபத்து என்றால் 999. பின்னணியில் வெளிநாட்டு அரசு இருப்பதாகச் சந்தேகிப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அது முறைப்பாட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்து, பயங்கரவாதத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பும்படி கேட்க வேண்டும். கடிதம் ஏதும் வந்தால் உறையையும் எறியக்கூடாது. தபால் முத்திரை அதில்தான் இருக்கும்.

வன்னிமகன்:
தூதரக அதிகாரிகள் சம்பந்தப்பட்டால் பொலிஸின் கை அதிக தூரம் நீளாது. 2018 பெப்ரவரி 4 அன்று லண்டனிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் முன் நின்ற எம்மவர்களைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டிய, அத்தூதரகத்தில் பணியாற்றிய இராணுவ அதிகாரியைத் தனியார் வழக்குத்தான் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2019இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2021இல் மேல் நீதிமன்றம், தூதரக அதிகாரிகளை வழக்கிலிருந்து காக்கும் இராஜதந்திர விலக்குரிமையைக் காட்டி அதை இரத்துச் செய்தது. மான்செஸ்டரில் 2022 ஒக்டோபரில் சீனத் துணைத் தூதரக வளாகத்துக்குள் இழுத்துத் தாக்கப்பட்ட ஹொங்கொங்கரைப் பொலிஸார் உள்ளே போய் மீட்டார்கள். ஆனால் ஆறு தூதரக அதிகாரிகளை விசாரிக்க விலக்குரிமையை நீக்குமாறு பிரித்தானிய அரசு சீனாவைக் கேட்டபோது, கெடு முடியுமுன் அவர்கள் நாடு திரும்பிவிட்டார்கள்.

தேம்ஸ்கரை:
நன்றி. ஹொங்கொங்கிலுள்ள பெற்றோருக்கு இங்குள்ள பொலிஸ் ஏதாவது செய்ய முடியுமா?

கோவென்ட்ரி வாசகி:
நேரடியாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் விசாரணை நடந்த திகதியையும் கேட்ட கேள்விகளையும் முறைப்பாட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். ஊர்வலத்துக்கும் விசாரணைக்கும் இடையிலான தொடர்புக்கு அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்பினால், வெளியுறவு அமைச்சிடம் அவர் கேள்வி எழுப்பலாம்.