மாங்கூழ் கம்பெனி திவால்: இயக்குநர் மேல் செக் வழக்கு நிற்குமா?

வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் பெங்களூரா மாங்காய் வாங்கிய மாங்கூழ் கம்பெனி மேல் சென்னை என்சிஎல்டியில் (தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம்) திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டது. இதனால் கம்பெனி மேல் வழக்குகளை நிறுத்தி வைக்கும் தடைக்காலம் வந்துவிட்டது; விவசாயிகளின் பண வழக்கு இனி நகராது. எடைச்சீட்டு, பில், திரும்பிய செக் நகல் இணைத்து, திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு நிபுணரிடம் ‘பி’ படிவத்தில் உரிமை கோருகிறோம். அதில் சந்தேகமில்லை.

சிக்கல் செக் திரும்பியதற்கான 138-வது பிரிவு வழக்கில்தான். தடைக்காலம் கம்பெனிக்கு மட்டுமே, கையெழுத்திட்ட இயக்குநருக்கு இல்லை என்றது 2021 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் தடைக்காலம் வந்த பிறகு நோட்டீஸ் போன வழக்கை அதே நீதிமன்றம் 2025-ல் ரத்து செய்தது. இங்கே நோட்டீஸ் முன்பே கிடைத்துவிட்டது; பணம் கட்டுவதற்கான 15 நாள் கெடுதான் தடைக்காலத்துக்குள் முடிந்தது. இதற்கு உயர் நீதிமன்ற உத்தரவு ஏதும் இருக்கிறதா? கிருஷ்ணகிரி, தருமபுரி வழக்கறிஞர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். புகார் தாக்கல் செய்ய ஒரு மாதம்தான், அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது.