வலது சேனலில் சத்தம் பாதிதான், டிசி வோல்டேஜ் எல்லாம் சரி (ஈஎல்84 வால்வு ஆம்ப்)

கேட்டவர்:
கையால் கட்டிய ஸ்டீரியோ ஆம்ப். ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 (சிக்னலை முதலில் பெருக்கும், இரண்டு பாதியுள்ள வால்வு). ஒரு பாதி இடதுக்கு, மறுபாதி வலதுக்கு. அடுத்து சேனலுக்கு ஒரு ஈஎல்84 (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு), சிங்கிள் எண்டட் (ஒரே வால்வு முழு அலையையும் கையாளும்), ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தை இன்புட்டுக்குத் திருப்புவது) இல்லை. வலதில் சத்தம் பாதியாகக் கேட்கிறது, கரகரப்பு கிடையாது. ஸ்பீக்கர், இன்புட் கேபிள், ஈஎல்84 மூன்றையும் இடம் மாற்றிப் பார்த்தாச்சு. குறை வலதிலேயே நிற்கிறது. அளவுகள் (இடது / வலது):
12ஏஎக்ஸ்7 பிளேட் (பெருகிய சிக்னல் வெளிவரும் முனை) 168 / 170 வோல்ட், கேத்தோடு (எலக்ட்ரான் கிளம்பும் முனை) 1.23 / 1.20 (கேத்தோடு ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம்)
ஈஎல்84 பிளேட் 248 / 247, கேத்தோடு 7.8 / 7.7 (150 ஓம்)
புது 12ஏஎக்ஸ்7 வாங்கிடலாமா?

பதில் 1:
பொறுங்க சார். அந்தப் பாதி தேய்ந்திருந்தால் கரண்ட் குறைந்து பிளேட் வோல்டேஜ் நன்றாகவே ஏறியிருக்கும், கேத்தோடு இறங்கியிருக்கும். உங்களுக்கு இரண்டு வோல்ட்தான் வித்தியாசம். கப்ளிங் கெப்பாசிட்டர் (முதல் வால்விலிருந்து ஈஎல்84-க்கு சிக்னலைக் கடத்துவது) லீக் என்றால் ஈஎல்84 கேத்தோடு 7.8-க்கு மேலே போய் வால்வு கொதிக்கும், அதுவும் இல்லை. டிசி சரி, சிக்னல் மட்டும் குறைவு என்றால் டிசி போகாத பாகத்தைத்தான் பிடிக்கணும், அதாவது கெப்பாசிட்டர்.

ஸ்பீக்கர் இணைப்பிலேயே இருக்கட்டும். லோடு இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். இரண்டு இன்புட்டுக்கும் ஒரே 400 ஹெர்ட்ஸ் சைன், வால்யூம் முழுசா. 12ஏஎக்ஸ்7 கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை; இடது பின் 2, வலது பின் 7) 50 மில்லிவோல்ட் ஏசி வருமாறு சோர்ஸில் குறைச்சுக்குங்க. பிறகு பிளேட்டில் (பின் 1, பின் 6) ஏசி அளங்க. மீட்டருக்கு முன்னால் 0.1 மைக்ரோஃபாரட் 630 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று வரிசையில் போடணும். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், சில மலிவு மீட்டர்கள் அங்கே பொய் சொல்லும்.

பதில் 2:
ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அளங்க. உள்ளே கை வைக்கும் முன் பவரை எடுத்து, ஃபில்டர் கெப்பாசிட்டரை 2.2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் கிரவுண்டுக்கு இறக்குங்க. மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் தொடணும்.

கேட்டவர்:
கிரிட் 50 / 50 மில்லிவோல்ட். பிளேட் 2.7 / 1.4 வோல்ட்.

பதில் 1:
அப்போ வால்யூம் கண்ட்ரோல் தப்பிச்சுது, ஈஎல்84 பக்கம் போகவே தேவையில்லை. கேத்தோடு பைபாஸ், அதாவது கேத்தோடு ரெசிஸ்டருக்கு இணையாக நிற்கும் கெப்பாசிட்டர், வலதில் இணைப்பு விட்டுப் போயிருக்கும். அது இல்லாவிட்டால் கேத்தோடு ரெசிஸ்டரிலேயே சிக்னல் விழுந்து கிரிட் சிக்னலை எதிர்க்கும். 100 கிலோ ஓம் பிளேட் லோடோடு கெயின் கிட்டத்தட்ட பாதியாகும். டிசி மட்டும் அசையாது. உறுதி செய்ய, கேத்தோடிலேயே ஏசி பாருங்க: இடது பின் 3-ல் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, வலது பின் 8-ல் 25 மில்லிவோல்ட் அளவுக்கு வரும். வந்தால் பவரை எடுத்துவிட்டு, பழையதைக் கழற்றாமலே மேலாக 22 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக்கை கிளிப்பில் மாட்டுங்க, பிளஸ் கேத்தோடு பக்கம்.

கேட்டவர்:
பின் 3-ல் 1, பின் 8-ல் 24 மில்லிவோல்ட். கிளிப் மாட்டியதும் வலது பிளேட் 2.6 வோல்ட். ஆனால் பழைய கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தால் 21 மைக்ரோஃபாரட் காட்டுகிறது!

பதில் 2:
அப்படின்னா கெப்பாசிட்டர் குற்றவாளி இல்லை. கழற்றும்போது கிரவுண்ட் லக்கிலிருந்து (சேசிஸோடு சேரும் இணைப்புத் தகடு) மைனஸ் கால் எப்படி வந்தது?

கேட்டவர்:
சூடு காட்டும் முன்னே, பிளையரால் லேசாகத் திருப்பியதும் உருவிக்கொண்டு வந்தது. காலைச் சுற்றி பழுப்பாக ஃபிளக்ஸ் வளையம், ஈயம் ஒட்டவே இல்லை. அதே லக்கில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரின் கால் மட்டும் நன்றாகப் பிடித்திருக்கிறது.

பதில் 1:
அதனால்தான் டிசி சரியாக இருந்தது. காலைச் சுரண்டி, தனியாக ஈயம் பூசி, லக்கில் ஒரு சுற்று சுற்றிவிட்டு சால்டர் பண்ணுங்க. தடித்த லக்கு சேசிஸோடு சேர்ந்து சூட்டை இழுத்துவிடும், 25 வாட் அயர்ன் திணறும். 60 வாட் எடுத்து லக்கையே முதலில் சூடாக்குங்க. மற்ற கிரவுண்ட் லக்குகளையும் அதே கையோடு பார்த்துடுங்க.

கேட்டவர்:
பண்ணியாச்சு. பிளேட் 2.7 / 2.7. ஈஎல்84 பைபாஸின் மைனஸ் காலும் இடது பக்கம் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன்.