தாவோயிசத்தைத் தமிழில் விளக்க உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலருக்கு உலகச் சமயங்களைத் தமிழிலேயே அறிமுகப்படுத்தும் வார இறுதி வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறேன். இஸ்லாம், கிறிஸ்துவம், பௌத்தம் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் படிக்க நிறையவே கிடைக்கிறது. ஆனால், நம் அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நடைபெறும் சீன இறுதிச் சடங்குகளையும், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காகக் காகிதம் எரிக்கும் வழக்கத்தையும் சீனர்களின் மரபுச் சமயமான தாவோயிசத்தின் நம்பிக்கைகளோடு இணைத்து எளிமையாக விளக்கும் கட்டுரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. (திவசமும் படையலும் செய்யும் நமக்கு அவை இவ்வளவு அந்நியமாகத் தோன்றுவது வியப்புதான்.) அத்தகைய நூலோ கட்டுரையோ தெரிந்தவர்கள் குறிப்பிட வேண்டுகிறேன்.

அடுத்து, தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் தர்காவையும், ஹொக்கியன் சீன மக்கள் கடல் தெய்வமான மாசுவுக்கு எழுப்பிய தியான் ஹோக் கெங் ஆலயத்தையும் மாணவர்களுக்குக் காட்ட எண்ணியுள்ளேன். சீன வழிபாட்டு முறைகளை அறிந்து, தமிழில் விளக்கக்கூடியவர் எவரேனும் உடன்வர இயலுமா?

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 20 விழுக்காட்டினர் தங்களுக்குச் சமயம் இல்லை எனத் தெரிவித்துள்ளனர். அவர்களுடைய நிலைப்பாட்டையும் குறைத்துக் காட்டாமல் பாடத்தில் சேர்த்த அனுபவமுள்ள ஆசிரியர்கள், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பதைப் பகிர்ந்துகொண்டால் நன்றியுடையவனாவேன்.