வூஸ்டைட்டின் அடர்த்தி கணக்கிட்டதைவிடக் குறைகிறது: இது ஷாட்கி குறைபாடுதானா?

கேள்வி:

இரும்புத் தூளையும் ஃபெரிக் ஆக்சைடையும் காற்றகற்றி மூடிய சிலிக்கா குழாயில் 900 டிகிரி செல்சியசில் வைத்திருந்து, பின் உலையை அணைத்து அதற்குள்ளேயே ஆறவிட்டு, வூஸ்டைட் எனப்படும் ஃபெரஸ் ஆக்சைடைத் தயாரித்தேன். எக்ஸ் கதிர் அளவீட்டில் அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு கூறின்) விளிம்பு நீளம் 4.305 ஆங்ஸ்ட்ராம் எனக் கிடைத்தது. சோடியம் குளோரைடு அமைப்பு என்பதால் கூட்டுக்கு நான்கு இரும்பும் நான்கு ஆக்சிஜனும் எனக் கொண்டால், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.98 கிராம் வர வேண்டும். அடர்த்திக் குப்பியில் அளந்தால் 5.70 மட்டுமே வருகிறது. ஷாட்கி குறைபாடு, அதாவது நேர், எதிர் அயனிகள் இணையாகப் படிகத்திலிருந்து விடுபடுவது, அடர்த்தியைக் குறைக்கும் என்று படித்திருப்பதால், 4.7 சதவீத அயனி இணைகள் விடுபட்டுள்ளன என்று முடிவு செய்தேன். ஆனால் டைக்ரோமேட் தரம்பார்த்தலில் மொத்த இரும்பில் 16 சதவீதம் ஃபெரிக்காக (ஃபெரஸின் இரண்டுக்குப் பதில் மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனியாக) இருப்பது தெரிகிறது. இரு அயனிகளும் சம அளவில் விடுபட்டால் ஃபெரிக் எங்கிருந்து வருகிறது?

பதில் 1:

உங்கள் அளவீட்டில் அல்ல, அனுமானத்தில்தான் பிழை. அறை வெப்பநிலையில் சோடியம் குளோரைடில் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் ஷாட்கி இணைகளே உள்ளன. அதாவது ஏறத்தாழ 10,00,00,000 கோடி கோடி அயனிகளைக் கொண்ட இடத்தில் அவை கணக்கிலேயே வராதவை என்பதால், நூற்றுக்கு ஐந்து என்ற அளவைக் கண்டதுமே ஐயம் எழுந்திருக்க வேண்டும்.

வூஸ்டைட்டில் ஆக்சிஜன் இடங்கள் நிறைந்தே இருக்கின்றன. இரும்பின் இடங்கள் மட்டுமே காலியாகின்றன. எனவே 5.70-ஐ 5.98-ஆல் வகுத்த 0.953 என்ற விகிதத்தை இரண்டு அயனிகளுக்கும் பகிரக் கூடாது. அளந்த அடர்த்திப்படி ஒரு வாய்பாட்டு அலகின் நிறை 68.47, அதில் ஆக்சிஜனின் 16.00-ஐக் கழித்தால் மீதி 52.47, அதை 55.85-ஆல் வகுத்தால் 0.94. ஆக, 100 ஆக்சிஜனுக்கு 94 இரும்புகளே உள்ளன. விடுபட்ட ஒவ்வொரு ஃபெரஸ் அயனிக்கும் ஈடாக இரண்டு ஃபெரஸ் அயனிகள் ஃபெரிக்காக மாறினால்தான் மின்சுமை சமனாகும். 6 காலியிடங்களுக்கு 12 ஃபெரிக், மீதி 82 ஃபெரஸ். உங்கள் ஃபெரிக் அங்கிருந்துதான் வருகிறது.

ஆக்சிஜன் அணுக்கள் இடைச்செருகலாக, அதாவது வழக்கமான இடங்களுக்கு இடைப்பட்ட வெளிகளில், மிகுந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அப்படியானால் அடர்த்தி 6.07-க்கு ஏறியிருக்கும். ஜெட்டேயும் ஃபுட்டும் 1933-இல் இதே ஒப்பீட்டைக் கொண்டுதான் காலியிடங்களின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இந்தக் காலியிடங்கள் பெயரளவுக்கு இருப்பவை அல்ல: ஃபெரஸிலிருந்து ஃபெரிக்குக்கு எலக்ட்ரான் தாவுவதால் இப்பொருள் பி-வகைக் குறைக்கடத்தியாகிறது; சூடான இரும்பின் மேல் படியும் செதிலில் வூஸ்டைட் அடுக்கு மிகத் தடித்து வளர்வதும் இரும்பு அயனிகள் காலியிடங்கள் வழியே எளிதில் நகர்வதால்தான்.

பதில் 2:

மேலுள்ள விளக்கம் சரி. ஆனால் அக்கணக்கின்படி ஃபெரிக் 13 சதவீதத்துக்கு அருகில் இருக்க வேண்டும், உங்களுக்கோ 16 வந்துள்ளது. இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். வூஸ்டைட் ஏறத்தாழ 570 டிகிரிக்கு மேல்தான் நிலைத்திருக்கும். மெல்ல ஆறினால் இரும்பும், காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டுமாகப் பிரியத் தொடங்கும். அந்த இரும்பு அமிலத்தில் கரையும்போது ஹைட்ரஜனை வெளியிட்டு எலக்ட்ரான்களை இழந்துவிடுவதால் ஃபெரிக்கின் பங்கு உயர்ந்து தெரியும். தூளின் அருகே ஒரு காந்தத்தைக் கொண்டு சென்று பாருங்கள்; தூய வூஸ்டைட் அறை வெப்பநிலையில் குறிப்பிடத்தக்க அளவில் ஈர்க்கப்படாது. கரைக்கும்போது காற்று பட்டாலும் ஃபெரஸ் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால், கார்பன் டை ஆக்சைடு ஓட்டத்தில் கரைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:

தூள் காந்தத்தில் ஒட்டியது. இரண்டாம் மாதிரியை உலையிலிருந்து எடுத்த உடனேயே குழாயோடு பனிக்கட்டி நீரில் போட்டுக் குளிர்வித்தேன், அது ஒட்டவில்லை. அதன் அடர்த்தி 5.71, கார்பன் டை ஆக்சைடின் கீழ் கரைத்துத் தரம்பார்த்ததில் ஃபெரிக் 12.5 சதவீதம், இரு வழிகளிலும் இரும்பின் விகிதம் 0.94 என்றே வருகிறது. முதல் மாதிரியின் எக்ஸ் கதிர்ப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, இரைச்சல் என்று நான் ஒதுக்கியிருந்த சிறு முகடுகள் மேக்னடைட்டின் முகடுகள் வர வேண்டிய இடங்களிலேயே இருந்தன.