தொண்டிக் கடலில் ஆவுளியா: யாரிடம் சொல்வது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து அண்ணன்மார், அக்காமாரிடம் ஓர் அவசர உதவி.

ஞாயிறு காலை தொண்டியில் கரையோரமாக நீந்திக்கொண்டிருந்தேன். மிக அருகில் ஒரு பெரிய சாம்பல் உருவம் மேலே வந்து, மூச்சு விட்டுவிட்டு இறங்கியது. முதுகுத் துடுப்பு இல்லை. வால் திமிங்கிலத்தின் வால்போல இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒட்டியபடியே ஒரு குட்டி. அப்படியே உறைந்து மிதந்தேன். கரையில் ஒரு மீனவரிடம் சொன்னதும், "ஆவுளியாதான் தம்பி" என்றார். கடல் பசு!

ஆனால் தாயின் வாலடியில் நைலான் வலைத் துண்டு சுற்றியிருந்ததுபோல் தெரிந்தது. அதுதான் தூங்கவிடவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டிய உயிர். வலை எதிலாவது மாட்டினால் மூழ்கிச் செத்துவிடும். குட்டியும் பல வருடங்களுக்கு ஒன்றுதான் போடும்.

2022-ல் அறிவித்த கடல் பசு காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் இருக்கிறது. தொண்டியோ ராமநாதபுரம் மாவட்டம். இங்கே எந்த வனச்சரக அலுவலகத்தில் சொல்ல வேண்டும்? எண் தெரிந்தால் பகிருங்கள். அப்புறம், தொண்டி, நம்புதாளை மீனவர்களைத் தெரிந்தவர்கள் அவர்கள் காதிலும் போட்டுவையுங்கள். தயவுசெய்து யாரும் படகெடுத்துப் பார்க்கப் போக வேண்டாம், குட்டி மிரண்டு தாயைப் பிரிந்துவிடும்.